தேவையா, ஆசையா? ஒரு லென்ஸின் கணக்கு



நம் இல்லங்களில் ஒரு பொருள் வாங்கப்படுவதற்கு முன்னர் எழும் வாதங்களைக் கவனித்திருப்பீர்கள். குளிர்பதனப் பெட்டி வாங்குவதென்றால் குடும்பத்தார் அனைவரும் கருத்துச் சொல்வர். தையல் இயந்திரம் வாங்குவதென்றால் வீட்டுப் பெண்கள் அதன் நன்மை தீமைகளை நன்கறிந்து பேசுவர். ஆனால், மகன் ஒருவன் வந்து, "கேமராவுக்கு ஒரு லென்ஸ் வேண்டும், விலை இரண்டு இலட்சம்" என்று கூறினால் வீடே வாயடைத்துப் போகின்றது. அது என்ன பொருள், எதற்குப் பயன்படும், அவன் கேட்பது நியாயந்தானா என்று எடைபோட்டுப் பார்க்கும் விவரம் பெரியவர்களிடம் இருப்பதில்லை. ஆகவே, ஒன்று, "வீண் செலவு" என்று ஒரே சொல்லில் மறுத்து விடுகின்றனர். அன்றேல், பிள்ளையின் முகம் வாடுவதைக் காணச் சகியாமல் நகையைக் கழற்றிக் கொடுத்து விடுகின்றனர். இவ்விரண்டுமே ஆராய்ந்து எடுத்த முடிவுகள் ஆகா.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இவ்வூரிலும், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் முதலிய ஊர்களிலும் திருமணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் இருக்கின்றனர். நம் சமுதாயப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அவர்களின் கனவுகளில் முதலிடம் வகிப்பது "எழுபது இருநூறு, இரண்டு புள்ளி எட்டு" என்று அவர்கள் மந்திரம் போல் உச்சரிக்கும் ஒரு லென்ஸ். இம்மாதம் அதனைப் பற்றியே எழுத எண்ணினேன். கேமராவைத் தொட்டறியாத தாய்மார்களும் இதனைப் படிக்க வேண்டுகிறேன்; ஏனெனில், நகை பெரும்பாலும் அவர்களுடையதே!

அது என்ன பொருள்?

இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச் சுவரில் வெளியுலகைத் தலைகீழாகக் காட்டுவதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதிய இப்னுல் ஹைத்தம் அவர்கள். இன்றைய கேமராவும் அடிப்படையில் அவ்விருட்டறையே. துளை இருந்த இடத்தில் லென்ஸ் அமர்ந்திருக்கின்றது. துளை பெரிதானால் ஒளி மிகுதியாகப் புகும் என்னும் எளிய உண்மையை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் விளங்கிவிடும்.

"எழுபது இருநூறு" என்பது 70 மில்லி மீட்டர் முதல் 200 மில்லி மீட்டர் வரையுள்ள குவியத் தூரத்தைக் குறிக்கும். எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது அருகில் தெரியும். திருகு வளையத்தைச் சுழற்றி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எந்த அளவிலும் நிறுத்தலாம். "இரண்டு புள்ளி எட்டு" என்பது ஒளி புகும் வாயிலின் அளவு. இந்த எண் சிறியதாக இருந்தால் வாயில் பெரியது என்று பொருள். 200ஐ 2.8 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 71 மி.மீ. வருகின்றது. அதாவது, உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கண். இளைஞர்கள் தொடக்கத்தில் வாங்கும் மலிவான லென்ஸ்களில் 200 மி.மீ. அளவில் இவ்வெண் 5.6 அளவுக்குப் போய்விடும். அப்போது கண்ணின் அகலம் 36 மி.மீ. மட்டுமே. அகலம் பாதியானால் பரப்பு கால் பங்காகும் அல்லவா? எனவே, முன்னதில் புகும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் பின்னதில் புகும்.

ஒளி நான்கு மடங்கு கிடைத்தால், படம் பதிவாகும் நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கலாம். மலிவான லென்ஸில் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், பெரிய லென்ஸில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் சிரிக்கும் குழந்தை தலையைத் திருப்பிவிடும்; படம் கலங்கிப் போகும். இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் அச்சிரிப்பு அப்படியே நின்றுவிடும். இந்த விரைவு காரணமாகவே இவ்வகைக் கண்ணாடிகளை "வேகமான லென்ஸ்" என்கின்றனர்.

இவ்வேகத்திற்கு விலை உண்டு; எடையும் உண்டு. கேனன் நிறுவனம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட இவ்வகை லென்ஸின் எடை 1490 கிராம். அதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட, எஃப் 4 வாயில் கொண்ட 70-200 லென்ஸ் 760 கிராம். தொடக்க நிலையினருக்கான 55-250 லென்ஸோ 375 கிராம். கண்ணாடியின் விட்டம் பெருகப் பெருக, அதனைப் பிழையின்றிக் கடைந்தெடுக்கும் செலவும், அதனைத் தாங்கும் உலோகக் கூட்டின் செலவும் கூடுகின்றன. புதிதாக வாங்கினால் இன்று இலட்சத்தைத் தொடும். முன்னணி நிறுவனங்களின் புதிய வெளியீடுகள் இரண்டு இலட்சத்தையும் தாண்டும்.

மண்டபத்தில் அதன் பயன்

திருமண மண்டபத்தில் இதன் பயனை மறுப்பதற்கில்லை. நிக்காஹ் மஜ்லிஸில் பெரியவர்கள் சூழ அமர்ந்திருக்க, மாப்பிள்ளை கபூல் சொல்லும் நொடியில் படம் எடுப்பவர் குறுக்கே புகுந்து நிற்பது மரியாதையன்று. அவர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஓர் ஓரத்தில் நின்றுகொண்டே மாப்பிள்ளையின் முகத்தை நிறைவாக எடுப்பதற்கு இந்த லென்ஸ் உதவுகின்றது. ஒளிவிளக்கைப் பளிச்சிட்டு ஓதுபவரின் கவனத்தைக் கலைக்க வேண்டிய தேவையும் குறைகின்றது. பின்னணியில் உள்ள நாற்காலிகளும் தண்ணீர்ப் புட்டிகளும் மங்கி, முகம் மட்டும் தனித்து நிற்கின்றது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால், இவற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 200 மி.மீ. அளவில் வாயிலை முழுமையாகத் திறந்து, நான்கு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஏழு சென்டி மீட்டர்தான். மாப்பிள்ளையின் கண்கள் தெளிவாக இருக்கும். ஒரு சாண் பின்னால் அமர்ந்திருக்கும் அவருடைய தந்தையார் புகைமூட்டத்தில் இருப்பார். இருவரையும் தெளிவாக எடுக்க வேண்டுமாயின் வாயிலை எஃப் 5.6க்கோ, அதற்கும் கீழோ சுருக்கித்தான் ஆகவேண்டும். அப்படிச் சுருக்கிய பின்னர், இரண்டு இலட்ச ரூபாய் லென்ஸும் இருபதாயிரம் ரூபாய் லென்ஸும் ஒளியைப் பொறுத்தவரை ஒன்றே! நம் திருமண ஆல்பங்களில் தனிமுகம் எத்தனை, இருவர் மூவர் சேர்ந்து நிற்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

மேலும், அருகில் செல்லக்கூடிய இடங்களில் வேறொரு வழியும் உண்டு. 85 மி.மீ. என்ற ஒரே அளவில் நிற்கும், எஃப் 1.8 வாயில் கொண்ட சிறு லென்ஸ்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. இவற்றில் திருகித் தொலைவை மாற்ற இயலாது. கால்களால்தான் மாற்ற வேண்டும். ஆனால், 2.8 வாயிலில் புகுவதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளி இதில் புகும். எடையும் விலையும் பன்மடங்கு குறைவு. நான்கடி எடுத்து வைக்கச் சோம்பியே பலர் இலட்சங்களைக் கொடுக்கின்றனர் என்று சொன்னால் இளைஞர்கள் என்மீது சினம் கொள்ளலாகாது.

மலையில் அதன் பயன்

"வருமானத்திற்கு மட்டுமா வாங்குகிறோம்? கல்வராயன் மலைக்குச் சென்று இயற்கையைப் படமெடுக்கவும் உதவுமே" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்விதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கின்றது. கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். வழியிலும் சுற்றிலும் பெரியார் அருவி, மேகம் அருவி முதலியன உள்ளன. மழைக்காலம் முடிந்த காலை வேளையில் அங்கே மூடுபனி பள்ளத்தாக்குகளை நிறைத்திருக்கும் காட்சியைப் படமெடுக்க யாருக்குத்தான் ஆசை பிறக்காது?

ஆயினும், அக்காட்சிகளுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதைப் பாருங்கள். அருவியைப் பட்டு நூல் போல் வழியக் காட்ட விரும்புவோர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, வாயிலைச் சுருக்கி, அரை நொடி, ஒரு நொடி என்று திறந்து வைப்பர். அங்கே வேகம் தேவையில்லை, தாமதமே தேவை. பள்ளத்தாக்கையும் அடுக்கடுக்கான மலைகளையும் எடுப்பதற்கு அகன்ற கோண லென்ஸ் வேண்டும். தொலைவில் உள்ள மலையடுக்குகளை நெருக்கிக் காட்ட 200 மி.மீ. உதவும்; ஆனால் அதற்கும் எஃப் 8 அளவுக்குச் சுருக்குவதே முறை.

பறவைகளோ? கோமுகி அணைக்கரையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை எடுக்க முனைந்தால் 200 மி.மீ. போதாது என்பது முதல் நாளிலேயே விளங்கிவிடும். பறவை படத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளியாக நிற்கும். இத்துறையில் ஈடுபட்டவர்கள் 400, 500, 600 மி.மீ. அளவுகளையே நாடுகின்றனர். அதற்கென்றே 150-600, 200-600 எனும் அளவுகளில் லென்ஸ்கள் வருகின்றன. அவற்றின் வாயில் நீண்ட முனையில் எஃப் 6.3 தான். இரட்டிப்பாக்கும் இணைப்புக் கண்ணாடி ஒன்றை 70-200உடன் பொருத்தினால் 400 மி.மீ. கிடைக்கும் என்பர், உண்மைதான். ஆனால் அப்போது 2.8 என்பது 5.6 ஆகிவிடும். எந்த வேகத்திற்காக இலட்சங்களைக் கொடுத்தோமோ, அதனையே இழந்து நிற்போம்.

மலையில் ஒன்றரைக் கிலோ எடையைக் கழுத்தில் சுமந்து நடப்பது எத்தகையது என்பதை நடந்தவரே அறிவர். சின்னக் கல்வராயன் பகுதியின் சராசரி உயரம் ஏறத்தாழ 2700 அடி. பெரிய கல்வராயன் 4000 அடி. மூன்றாவது மணி நேரத்தில் அந்த லென்ஸ் பைக்குள் போய்விடும். நான்காவது மணி நேரத்தில் கைப்பேசியே வெளியே வரும்.

சுருங்கக் கூறின், இந்த லென்ஸ் மண்டபத்திற்கும், மேடைக்கும், விளையாட்டுத் திடலுக்கும் உரியது, மலைக்கு உரியதன்று.

காலம் மாற்றிய கணக்கு

பிலிம் சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளைப் போட்டால் 36 படங்களுக்கும் அதன் ஒளியுணர்வு ஒன்றேதான். 100 அல்லது 400 என்று சுருளில் அச்சிட்டிருக்கும்; நடுவில் மாற்ற வழியில்லை. இருட்டான மண்டபத்தில் நுழைந்தவருக்குப் பளிச்சொளி விளக்கு அல்லது வேகமான லென்ஸ், இவை இரண்டே துணை. கேனன் நிறுவனம் 70-200 எஃப் 2.8 லென்ஸை 1995ஆம் ஆண்டு வெளியிட்டபோது, அக்காலத் தொழிலாளருக்கு அது ஆடம்பரமன்று, கட்டாயம்.

இன்றைய நிலை வேறு. ஒளியுணர்வை ஒவ்வொரு படத்திற்கும் மாற்றலாம். 3200, 6400 என்ற அளவுகளிலும் இன்றைய கேமராக்கள் ஏற்றுக்கொள்ளத்தக்க படம் தருகின்றன. அப்படியும் மணல் தூவியது போல் புள்ளிகள் தோன்றினால் அவற்றைக் கணிப்பொறியில் நீக்கிவிடலாம். அடோபி நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் லைட்ரூம் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இத்தகைய வசதியைச் சேர்த்தது. ஆகவே, லென்ஸ் தந்த நான்கு மடங்கு ஒளியின் மதிப்பு, முற்றிலும் மறையாவிட்டாலும், முன்னைவிடக் குறைந்துவிட்டது. பின்னணியை மங்கச் செய்யும் அழகு மட்டும் இன்னும் அதற்கே உரியதாக இருக்கின்றது.

நடுக்கம் தடுக்கும் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். கை நடுக்கத்தால் வரும் கலக்கத்தை அது தடுக்கும். எதிரில் இருப்பவர் அசைவதால் வரும் கலக்கத்தைத் தடுக்காது. ஓடும் பிள்ளையை நிறுத்த விரைவான பதிவு ஒன்றே வழி. விற்பனையாளர்கள் இவ்விரண்டையும் கலந்து பேசுவர்; வாங்குபவர் பிரித்தறிய வேண்டும்.

கேமராவே கணக்கப்பிள்ளை

எனக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், சிறு வயதில் மக்தபில் என்னிடம் ஓதியவர். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்திற்கும் இடையே நடக்கும் திருமணங்களைப் படமெடுத்து வாழ்கின்றார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இந்த லென்ஸை வாங்கத் துணிந்தார். அந்தப் பெண் மறுக்கவில்லை. ஆனால் மனம் ஒப்பவுமில்லை. பெரிய வெள்ளை லென்ஸைத் தோளில் தொங்கவிட்டு வருபவருக்கே வாடிக்கையாளர் பெரிய தொகை கொடுப்பர் என்பது அவர் வாதம். (அந்த வெள்ளை நிறம் வெயிலில் சூடேறாமல் இருப்பதற்காக நிறுவனம் பூசியது, விருந்தினரை வியக்க வைப்பதற்கன்று.) அவ்வாதத்தை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. தோற்றத்தைக் கண்டு கூலி பேசுவோர் உலகில் இருக்கத்தான் செய்கின்றனர். ஆனால், இரண்டாம் முறை அழைப்பவர் ஆல்பத்தைக் கண்டே அழைப்பர்.

நான் அவரிடம் ஒன்றே கேட்டேன்: "தம்பி, கடந்த ஓராண்டில் உமக்கு இது எத்தனை நாள் தேவைப்பட்டது?" அவரிடம் விடை இல்லை. விடை அவருடைய கணிப்பொறியில் இருந்தது. ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில், எந்த வாயிலில், எவ்வளவு நேரத்தில், எந்த ஒளியுணர்வில் எடுக்கப்பட்டது என்பதைக் கேமரா தானே குறித்து வைக்கின்றது. நாம் எழுதாவிட்டாலும் அது எழுதிவைத்திருக்கும் ஏடு அது. அவர் இரண்டு இரவுகள் அமர்ந்து புரட்டினார். 31 நிகழ்ச்சிகள். 135 மி.மீ. அளவுக்கு மேல் எடுத்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றுள்ளும் ஒளிக் குறைவால் கெட்டுப்போனவை, ஏழு நாள்களில் எடுத்தவையே: இரண்டு பள்ளி ஆண்டு விழாக்கள், ஒரு விளையாட்டுப் போட்டி, நான்கு இரவுத் திருமணங்கள்.

"ஏழு நாள்" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆனால், அந்த எண்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

சொந்தமா, வாடகையா?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்கின் வசதிக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் உங்கள் ஊர் நிலவரத்தை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

லென்ஸின் விலை இரண்டு இலட்சம் என்க. ஐந்தாண்டு வைத்திருந்து விற்றால் ஓர் இலட்சம் கிடைக்கும் என்க. இழப்பு ஓர் இலட்சம், ஆண்டுக்கு 20,000. பழுது பார்த்தல், பாதுகாத்தல் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 4,000 என்க. ஆக, சொந்தமாக வைத்திருப்பதன் விலை ஆண்டுக்கு 24,000 ரூபாய். அதே லென்ஸை நாள் ஒன்றுக்கு 1,500 ரூபாய் வாடகைக்கு எடுக்க முடிந்தால், 24,000ஐ 1,500ஆல் வகுக்க 16 வரும். ஆண்டில் 16 நாள்களுக்கு மேல் அது உண்மையிலேயே தேவைப்படுபவர் வாங்கலாம். குறைவாகத் தேவைப்படுபவர் வாடகைக்கு எடுப்பதே இலாபம். வாடகைக் கடை வெளியூரில் இருந்து, போக்குவரத்துக்கு ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் ஆகுமாயின், அந்த எண் 12 ஆகக் குறையும். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடனில் வாங்கினால் என்ன ஆகும்? இரண்டு இலட்சத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் மூன்றாண்டுத் தவணையாகக் கட்டினால் ஏறத்தாழ 39,000 ரூபாய் கூடுதலாகப் போகும். அப்போது 16 என்பது 21 ஆகிவிடும். வட்டியைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிப்போருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அதனைக் கணக்காகப் பார்ப்பவருக்கும் பாடம் ஒன்றே: வட்டி, வாங்கத்தக்க பொருளையும் வாங்கத்தகாததாக ஆக்கிவிடுகின்றது. நகை அடகிலோ, தவணை தவறினால் பொருளும் தேயும், நகையும் போகும்.

நமது இளைஞருக்குத் தேவை ஏழு நாள்கள். கணக்குக் காட்டும் எல்லையோ பன்னிரண்டு அல்லது பதினாறு. சங்கிலி கழுத்திலேயே தங்கிற்று. அவர் சேமிப்பிலிருந்து 85 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, பள்ளி விழாக்களுக்கு மட்டும் பெரியதை வாடகைக்கு எடுத்து வருகின்றார்.

இதனால் எவருக்கும் அது வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொல்வதாகக் கொள்ள வேண்டா. மேடை நிகழ்ச்சிகளையும் விளையாட்டையும் வாரந்தோறும் எடுப்பவருக்கு ஆண்டில் ஐம்பது நாள் அது தேவைப்படும். அவருக்கு அது வீண் செலவன்று. உழவனுக்கு ஏர் போன்றது. அவர் வாங்கத் தயங்குவதே நட்டம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிற்பிகளின் பட்டறையில் அளவளவாய் உளிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலையில்லாத உளியைச் சிற்பி வாங்குவதில்லை. வேலையுள்ள உளியை வாங்காமலும் இருப்பதில்லை.

வாங்கத் தகுதியுள்ளோர் பழைய லென்ஸைப் பற்றியும் எண்ணலாம். கேனன், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் 2018ஆம் ஆண்டு கண்ணாடி ஆடியில்லாத புதிய கேமரா வரிசைகளைத் தொடங்கின. வசதியுள்ளோர் அவற்றுக்கு மாறியதால், முந்தைய வரிசை லென்ஸ்கள் பழைய பொருள் சந்தையில் பாதிக்கும் குறைவான விலைக்கு வருவதுண்டு. அவை இன்றும் நல்ல படமே தருகின்றன. ஆனால் சோதிக்காமல் வாங்கலாகாது. கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பாருங்கள்: சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். வாயிலின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கின்றதா, தானே குவியும் பொறி தடங்கலின்றி இயங்குகின்றதா என்றும் பார்க்க வேண்டும். நிக்கானின் பழைய லென்ஸ்களுள், உள்ளே மோட்டார் இல்லாத வகை, அந்நிறுவனத்தின் தொடக்க நிலைக் கேமராக்களில் தானே குவியாது. இதனை அறியாமல் வாங்கி வருந்துவோர் உண்டு.

பூஞ்சை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் பைக்குள், பீரோவுக்குள் அடைத்து வைத்த லென்ஸ் பூஞ்சைக்கு விருந்தாகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தாத பொருளைப் பாதுகாப்பதும் ஒரு செலவே.

நம்பிக்கையான இருவர் கூடி ஒன்றை வாங்குவதும் நல்ல வழி. யாருக்கு எந்த நாள், பழுதானால் யார் பொறுப்பு, ஒருவர் விலகினால் பங்கு எவ்வளவு என்பவற்றை முதல் நாளே எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். எழுதாத கூட்டு நட்பையும் கெடுக்கும், தொழிலையும் கெடுக்கும்.

தொலைவிலிருந்து பார்க்கும் உரிமை

பணக்கணக்கு முடிந்தது. ஆனால், வேறொரு கணக்கு எஞ்சி நிற்கின்றது. அதனைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

தொலைவை அருகாக்கும் கருவி, எதிரில் இருப்பவர் அறியாமலே அவர் முகத்தை எடுத்துக்கொள்ளும் ஆற்றலைத் தருகின்றது. 85 மி.மீ. லென்ஸுடன் அருகில் வருபவரை நாம் பார்க்கின்றோம். விரும்பாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம், அல்லது வேண்டாம் என்கின்றோம். மண்டபத்தின் மறுகோடியில் நிற்பவரிடம் அப்படிச் சொல்ல வாய்ப்பே இல்லை. பெண்கள் பகுதியின் திரை சற்றே விலகும் நொடியில் ஒரு கண்ணாடி அங்கே திரும்புமானால், அந்தப் படம் எந்தக் கைப்பேசிகளில் சுற்றும் என்பதை யார் அறிவார்? பிறர் இல்லத்துள் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்பிக்கப்படுகின்றது. கால் நுழைவதற்கு உரிய ஒழுக்கம் கண் நுழைவதற்கு இல்லையா? ஒப்பந்தம் பேசும்போதே, எந்தப் பகுதியில் யார் எடுப்பது, எந்தப் படங்கள் வெளியிடத் தக்கவை என்பதைக் குடும்பத்தார் தெளிவாகப் பேசிவிடுவது நலம்.

கல்வராயன் மலைக்கும் இதுவே பொருந்தும். அங்கே மலையாளிகள் என வழங்கப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சுமை தூக்கி வரும் மூதாட்டியையும், வீட்டு வாசலில் குளிக்கும் குழந்தையையும் சாலையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிகள் உண்டு. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தார். அருகில் சென்று, வணக்கம் சொல்லி, கேட்டு எடுத்த ஒரு படம், திருடி எடுத்த நூறு படங்களினும் மேலானது. கேட்பதற்கு லென்ஸ் தேவையில்லை, நாக்கு போதும்.

நீண்ட லென்ஸ் நன்மையே செய்யும் இடமும் உண்டு. கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் பறவையை நெருங்கினால் அது கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். அங்கே விலகி நிற்பதுதான் இரக்கம். பறவையிடம் விலகியும் மனிதரிடம் நெருங்கியும் எடுப்பதே முறை. நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம்.

தேவையை அறிந்தவர் ஒருவர்

கானுயிர்களைப் படமெடுத்த தமிழர்களுள் மா. கிருஷ்ணன் (1912-1996) அவர்களுக்குத் தனியிடம் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். 1968ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு ஆய்வுநிதி பெற்று, இந்தியத் தீபகற்பத்தின் பெரும் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவர் கையாண்டது கடையில் வாங்கிய விலையுயர்ந்த கருவியன்று. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பாரமான பெட்டி. அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

இதிலிருந்து, "கருவி முக்கியமன்று" என்ற பாடத்தை எடுத்தால் நாம் பாதியே கற்றவராவோம். கருவி அவருக்கு முக்கியமாகவே இருந்தது. அதனால்தான் கையால் இணைத்தார். ஆனால், எந்த விலங்கை, எந்தத் தொலைவில், எப்படிக் காட்ட வேண்டும் என்பதை அவர் முதலில் அறிந்திருந்தார். தேவை முன்னே சென்றது. கருவி பின்னே வந்தது. இன்று நாம் கருவியை முன்னே வாங்கிவிட்டு, அதற்கொரு தேவையைத் தேடி மலையேறுகின்றோம்.

ஆகவே, அன்பர்களே! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இந்த லென்ஸைக் கேட்டால் சினம் கொள்ளவும் வேண்டா; உடனே இசையவும் வேண்டா. அருகில் அமர்த்தி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடந்த ஆண்டில் எத்தனை நாள் இது தேவைப்பட்டது? அந்த நாள்களுக்கு வாடகை எவ்வளவு ஆகும்? கைப்பணத்தில் வாங்கப் போகின்றாயா, கடனிலா? இதனைக் கொண்டு யாரை, அவர் அறிந்தா, அறியாமலா எடுக்கப் போகின்றாய்? நான்கிற்கும் அவன் எண்ணோடும் தெளிவோடும் விடை சொன்னால் மனமுவந்து வாங்கிக் கொடுங்கள். அவன் தொழிலை அறிந்தவன். விடை சொல்லத் தடுமாறினால், ஆறு மாதம் பொறுத்து அந்த ஏட்டை எழுதி வரச் சொல்லுங்கள். அதற்குள் ஆசையாக இருந்தால் அடங்கிவிடும். தேவையாக இருந்தால் இன்னும் வலுப்பெற்று நிற்கும். தையல் இயந்திரத்திற்கும், இருசக்கர வாகனத்திற்கும், வீட்டு மாடிக்கும்கூட இதே நான்கு கேள்விகள் சிறிது மாறிப் பொருந்தும் என்பதைச் சொல்லி, இம்மாதம் விடைபெறுகின்றேன்.